குலுக்காத பாட்டில்

குண்டு இன்னும் அங்கேயேதான் நின்றது. மூன்று மணிக்கு இடுக்கியால் பிடித்துப் போட்டது, இப்போது மூன்று இருபத்திரண்டு. நகரவில்லை, நகர்கிற உத்தேசமும் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. நில்லு, அப்படியே நில்லு என்று சென்னியப்பன் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தான். பதினோரு வருஷமாக மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் குப்பை கொட்டுகிறவன் ஒரு கண்ணாடிக் குண்டிடம் கெஞ்சுகிறான் என்று தெரிந்தால் குறிச்சி தொழிற்பேட்டை முழுக்கச் சிரிக்கும். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய குண்டு. ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் சின்னக் குழாய் ஒன்று நிற்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழைகிற சந்து, சந்து நிறைய பாகு. வலிப்பு மருந்துப் பொடி கலக்காத வெறும் பாகு, அதனால் லேசாகக் கலங்கியிருந்தாலும் உள்ளே இருப்பது தெரிந்தது. உள்குழாயை மோட்டார் சுற்றினால் பாகும் சுற்றும். அந்தச் சுற்றலுக்கு நடுவே குண்டு கீழே இறங்குகிறதா, இறங்கினால் எவ்வளவு நேரத்தில், அதுதான் பரிசோதனை. வெளிநாட்டிலிருந்து மருந்து வாங்க வந்த புது ஆள் ஒருவன் கேட்ட கேள்விக்காக வாங்கிவைத்த சாதனம். அலமாரியில் நிற்கிற பாட்டில் கிடக்கட்டும், லாரியிலும் கப்பலிலும் ஆடிக்கொண்டே வருகிற பாட்டிலுக்குள் மருந்து என்ன ஆகும் என்று அவன் கேட்டிருந்தான். பதினோரு வருஷத்தில் இங்கே யாரும் கேட்காத கேள்வி. கேட்டிருக்க வேண்டியவன் சென்னியப்பன். கேட்டிருந்தால் அவன் மகள் தாரகை இருந்திருப்பாள். இல்லை, அப்போதும் இருந்திருக்கமாட்டாள், டாக்டர் என்ன சொன்னார், வலிப்பு உள்ள குழந்தைக்கு எப்போது வேண்டுமானாலும் எதனால் வேண்டுமானாலும் வரலாம், எடை கூடியிருக்கலாம், உள்காய்ச்சல் இருந்திருக்கலாம் என்றார், அவர் படித்தவர், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன பெரிய எடை கூடிவிடும். குண்டு நின்றது. இருபது நிமிஷம் அசைக்காமல் பார்த்துவிட்டு மோட்டாரைப் போடவேண்டும் என்பது முறை. இருபது நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது, அவன் கைதான் சுவிட்சுக்குப் போகமாட்டேன் என்றது.

இந்தப் பாகு லேசுப்பட்டதல்ல. தண்ணீராக இருந்தால் போட்டது பொசுக்கென்று அடிக்குப் போய்விடும், களியாக இருந்தால் போட்டது போட்ட இடத்தில் கிடக்கும், இது இரண்டும் கெட்டான். தொடாமல் விட்டால் களி, அசைத்தால் இளகிக் கூழாகிவிடும். அதோடு ரப்பர் குணம் வேறு. கரண்டியால் தூக்கினால் நூலாக நீளும், விட்டால் சுருங்கிப் பழைய இடத்துக்கே வரப்பார்க்கும். ஆட்டும்போது களிக்குணம் உடைந்துபோனால் குண்டு இறங்கும். ரப்பர் குணம் விறைத்துக்கொண்டு அதைப் பிடித்து இழுத்தால் இறங்காது, இறங்கினாலும் இறங்கியது தெரியாமல் இறங்கும். இரண்டில் எது ஜெயிக்கும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்ல முடியாது, செய்து பார்த்தால்தான் உண்டு. அந்த ரப்பரை நம்பித்தான் சென்னியப்பன் மத்தியானச் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருக்கிறான். ரப்பர் ஜெயித்தால் அவன் பிழைத்தான், பெண்டாட்டி சுகுணாவிடம் எதையும் சொல்லவேண்டியதில்லை. சுகுணா ஒரு மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். இரண்டரைக்குப் பொள்ளாச்சியிலிருந்து போன் செய்து, ஆனைமலை பஸ் ஏறிட்டனுங்க என்றாள். பையில் கால் கிலோ வரமிளகாய். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள், நகையைக் களவு கொடுத்தவர்கள், நிலத்தை ஏமாந்தவர்கள், குடும்பம் கெட்டுப்போனவர்கள். பூசினால் அந்த எரிச்சல் தப்பு செய்தவனைத் தேடிக்கொண்டு போகும் என்பது அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். யாருக்கு எதிராப் பூசப்போறே என்று நேற்று சாப்பிடும்போது விளையாட்டாகத்தான் கேட்டான். "எனக்கு எதிராத்தானுங்க" என்றாள், அவன் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே. "எட்டு மணிக்குக் குடுக்க வேண்டிய மருந்த ஒம்போது மணிக்குக் குடுத்தவளுக்கு ஆராச்சும் தண்டன குடுக்கணுமில்ல? நீங்க குடுக்க மாட்டீங்கறீங்க. ஊர்லயும் ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்ல. அம்மங்கிட்டயே கேட்டுக்கறேன்." அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ரசத்தில் மிளகு மிதந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு, பைத்தியமா உனக்கு என்றான், தண்ணீர் குடித்தான், எழுந்து கை கழுவினான். அவ்வளவுதான் அவனால் ஆனது.

சுவிட்சைப் போட்டான். மோட்டார் முனகியது, உள்குழாய் செக்குமாடு மாதிரி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. குண்டு பாகோடு சேர்ந்து பக்கவாட்டில் போயிற்று, சுற்றிவந்து அவன் எதிரே தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தபோது வெளிக்குழாயில் போட்டிருந்த மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு ஸ்டாப்வாட்சை அமுக்கினான். இல்லை, இது சும்மா ஆரம்ப அசைவு, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், விறைத்துக்கொள்ளும், விறைத்துக்கொள். மெதுவான வேகம் என்பது என்ன, ஒரு ஸ்கூட்டர் ஓடும்போது சீட்டுக்கு அடியில் இருக்கிற பெட்டிக்குள் ஒரு பாட்டில் ஆடுகிற ஆட்டம், ஏறத்தாழ அவ்வளவுதான். வீடு இருக்கிற கிணத்துக்கடவிலிருந்து குறிச்சிக்குப் பதினேழு கிலோமீட்டர், போக பதினேழு வர பதினேழு. பள்ளிக்கூடம் கம்பெனிக்குப் பக்கத்துத் தெருவில், பள்ளி முடிந்தும் ஐந்தரை வரை பார்த்துக்கொள்வார்கள், மத்தியான மருந்தை ஆயாவே கொடுப்பாள், அதனால் பாட்டில் தினமும் கூடவே வரும். ஈரத்துண்டில் சுற்றி, சாயாமல், நேராக நிறுத்தி வைப்பான். நேராக வைத்ததில் அவனுக்குப் பெருமை வேறு. தாரகையை முன்னால் நிற்கவைத்து ஒரு துண்டால் தன் இடுப்போடு கட்டிக்கொள்வான், வழியில் வலிப்பு வந்துவிட்டால் விழாமல் இருக்க. பொள்ளாச்சி ரோட்டில் பாலம் கட்டுகிறோம் என்று தோண்டிப்போட்டிருந்தார்கள், குழிக்குக் குழி அவள் "ங்" என்பாள், பாட்டு மாதிரி, ங், ங், ங், அப்பா இப்பப் பெரிய குழி வரும் பாரு, ங்ங். அவள் ஒவ்வொரு முறை ங் சொல்லும்போதும் சீட்டுக்கு அடியில் பொடி இறங்கிக்கொண்டிருந்தது. குண்டு நிமிஷத்தில் செய்வதைப் பொடி வாரக்கணக்கில் செய்யும், மாவு மாதிரி இருக்கிற பொடி அல்லவா, ஆனால் செய்துவிடும். குண்டு நடுக்கோட்டைத் தாண்டியது. அடே நில்லுடா. கீழ்க்கோட்டில் வாட்சை அமுக்கினபோது நாலு நிமிஷம் பத்து விநாடி. எழுதிக்கொண்டான். கை எழுதப் பழகின கை, மனசு எப்படி இருந்தாலும் எழுத்து மணிமணியாக வந்தது. முறைப்படி மூன்று தடவை பார்க்கவேண்டும். இரண்டாவது குண்டு நாலு நிமிஷம் ஆறு விநாடி. மூன்றாவது நாலு பன்னிரண்டு. ரப்பர் வரவில்லை.

குலுக்காதே என்று அவன்தான் சொன்னான், சுகுணாவிடமும் பள்ளிக்கூட ஆயாவிடமும். வேறு யார் சொல்லியிருந்தாலும் சுகுணா கேட்டிருக்கமாட்டாள், பாட்டிலில் குலுக்கிய பின் கொடுக்கவும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, அவள் எட்டு வரை படித்தவள், எழுத்துக் கூட்டிப் படித்து அப்படியே செய்கிறவள். முதல் பாட்டிலை அவள் மோர் சிலுப்புகிற மாதிரி குலுக்குவதைப் பார்த்து அவன் சிரித்தான். "அடி, அத எதுக்கு இந்தப் பாடு படுத்தற? நுரை வந்துருச்சு பாரு, நுரையோட ஊத்துனா அளவு கொறைஞ்சு போகும். இது நான் கையெழுத்துப் போட்ட மருந்து. ஆறு மாசம் நிறுத்தி வெச்சு மேலயும் கீழயும் எடுத்துப் பாத்திருக்கேன், ஒரு பொட்டு எறங்கல. குலுக்கச் சொல்லி எழுதறது ஊருக்கு. நமக்கு வேண்டாம்." அளவு குறையும் என்ற சொல்லுக்குத்தான் அவள் பயந்தாள். பிள்ளைக்கு ஒரு சொட்டுக்கூடக் குறையக்கூடாதே. அதற்கப்புறம் பாட்டிலை எடுக்கிறதே தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரி எடுப்பாள், மூடியைத் திறந்து, நுரை இல்லாமல், சின்னக் கிண்ணத்தின் கோடுவரை, கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்து ஊற்றுவாள். ஒரு சொட்டுக் குறையாமல் ஊற்றினாள், பாகை. ஒரு தடவை தாரகை கேட்டாள், நான் குலுக்கட்டுமாப்பா என்று. இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, பிறந்தநாள் பரிசைக் குலுக்கிப் பார்க்கிற மாதிரி காதோரம் வைத்துக்கொண்டு. குலுக்கக் கூடாது கண்ணு என்று பிடுங்கிக்கொண்டான். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டான். இல்லை, பிடுங்கினான்தான், அவள் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான், அவள் உதட்டைப் பிதுக்கினாள், அதற்கு மிட்டாய் கொடுத்தான். அது எந்த மாதம், எந்த பாட்டில், அன்றைக்கு ஒரு நாள் அவள் குலுக்கியிருந்தால் அன்றைக்கு மட்டும் சரியாகப் போயிருக்குமா, அடுத்த நாள்? ஒரு நாள் குலுக்கினவள் அடுத்த நாளும் குலுக்கியிருப்பாள், பிள்ளைகள் அப்படித்தானே. கடைசி பாட்டில் வந்த இரண்டாவது வாரத்தில் ஆயா சொன்னாள், சார், பாப்பா வகுப்புல கொஞ்ச நேரம் வெறிச்சுப் பாத்துட்டே இருந்துச்சு, கூப்பிட்டாத் திரும்பல. வெயிலா இருக்கும் என்றான். சித்திரை மாதம், வெயில் என்று சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்.

கதவு திறந்தது. ரெஜினா மேடம், அவன் பிரிவுக்குப் பொறுப்பாளர், கையில் டீ டம்ளரோடு வந்து நின்றார். "சென்னி, ரீடிங் ஆச்சா? நாலரைக்கு மெயில் போகணும்."

"இன்னொரு வேகம் பாக்கணுங்க மேடம்."

"எதுக்கு? ஒரு நம்பர்தான் கேட்டிருக்காங்க." குனிந்து குழாயைப் பார்த்தார், அடியில் கிடந்த மூன்று குண்டுகளையும் பார்த்தார். "அட, எறங்கிருச்சே. நம்ம அலமாரி சாம்பிள் எல்லாம் நல்லாத்தான இருந்துச்சு?"

"அது நின்னுட்டு இருந்துச்சுங்க. இது ஆடுது."

"சரி விடுங்க. லேபிள்லதான் குலுக்கிக் குடுங்கன்னு போட்டிருக்கமே. குலுக்குனா எல்லாம் ஒண்ணாக் கலந்துரும். குலுக்காமக் குடுக்கறவங்க ஆரு இருக்காங்க?" என்று சொல்லிவிட்டு, அவன் திறக்காத சாப்பாட்டு டப்பாவைப் பார்த்து, அவன் முகத்தைப் பார்த்து, தன் வாயிலிருந்து ஏதோ தவறாக வந்துவிட்டது என்று மட்டும் புரிந்து, என்ன தவறு என்று புரியாமல் நின்றார். தாரகை போனதிலிருந்து இங்கே எல்லாரும் அவனிடம் இப்படித்தான், பிள்ளை, மருந்து, பள்ளிக்கூடம் எந்தச் சொல் அவனைக் கடிக்கும் என்று தெரியாமல் பாதியில் நிறுத்துகிறவர்கள். "மெதுவாப் பாத்துட்டே வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆரு இருக்காங்க. இருக்கிறான் மேடம், ஒருத்தன் இருக்கிறான், எம்.எஸ்ஸி படித்தவன், கிணத்துக்கடவில் அவன் ஒருத்தன்தான் அப்படி.

இன்னொரு வேகம் பார்க்கவேண்டியதில்லை என்பது அவனுக்குத் தெரியாததா. ஆனாலும் நாலாவது குண்டைப் போட்டு மோட்டாரைத் திருகினான், வேகமாக, முன்னதைவிட மூன்று பங்கு. மூன்று ஐம்பது. சுகுணா ஆனைமலையில் இறங்கியிருப்பாள், வெள்ளிக்கிழமை, கூட்டம் இருக்கும், செருப்பை விட்டுவிட்டு வரிசையில் நிற்பாள். பிள்ளை போன அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதானோ, இல்லை, திங்கள். ஞாயிறு நெகமத்தில் காதுகுத்து. பஸ் கிடைக்காமல் வீடு வந்து சேர எட்டே முக்கால், பிள்ளை தோளில் தூங்கிவிட்டிருந்தது, சுகுணா புடவைகூட மாற்றாமல் எழுப்பி, கண்ணு ஒரு வாய் கண்ணு என்று ஊற்றினாள். விடியற்காலை வலிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. ஆம்புலன்ஸ், பொள்ளாச்சி, ஊசி, இன்னொரு ஊசி, ஏழு மணிக்கு முன்பே எல்லாம் முடிந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் யாரோ ஒருத்தி, நேரத்துக்குக் குடுத்திருந்தா என்று இழுத்தாள், அந்தச் சொல்லைச் சுகுணா அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் தள்ளிப்போனதால் ஒன்றும் ஆகாது என்று அவனுக்குத் தெரியும், டாக்டரும் சொன்னார், அவள் நம்பவில்லை. நம்பாததில் அவனுக்கு உள்ளூர ஒரு, என்னவென்று சொல்வது, ஒரு ஆறுதல் இருந்தது. சீ. இருந்தது, இருந்ததை இல்லை என்று எப்படிச் சொல்வது. அவள் தலையில் அடித்துக்கொள்ளும்போதெல்லாம் விடு விடு என்று அவள் கையைப் பிடித்தவனுக்குள்ளே ஒருத்தன், அடித்துக்கொள்ளட்டும், இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போகட்டும் என்று உட்கார்ந்திருந்தான். குண்டு சுற்றியது. இறங்குகிறது, ஆனால் மெதுவாக, பார், முன்னதைவிட மெதுவாக. நடுக்கோட்டுக்கே மூன்றரை நிமிஷம். ரப்பர்! கீழ்க்கோட்டில் ஆறு நாற்பது. அப்படியென்றால் வேகமாக ஆட்டினால் பிடித்துக்கொள்கிறது, ஸ்கூட்டரின் ஆட்டம் இந்த வேகமாகக்கூட இருக்கலாம், தோண்டின ரோடு வேறு, யார் அளந்தது, மெயிலில் ஒரு நம்பர்தான் கேட்டிருக்கிறார்கள், ஆறு நாற்பதைப் போட்டால் போதும். பேனாவை எடுத்தான். ஆறு நாற்பது. ஆறு நாற்பது ஆனாலும் அடிக்குத்தானே போயிற்று என்று அவனுக்குத் தோன்ற இவ்வளவு நேரம் ஆனது. ரப்பர் பிடித்தது, பிடித்து நிறுத்தவில்லை. தாமதப்படுத்தியது. அவனும் ஒன்பது மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான்.

இதற்கெல்லாம் குண்டு எதற்கு, மோட்டார் எதற்கு, அவன்தான் பார்த்தானே. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு வேறு பக்கம் திரும்பிவிடும், இன்றைக்குத் திரும்ப இடமில்லை. அன்று காலை ஆஸ்பத்திரியில் ஆதார் அட்டை கேட்டார்கள், எடுத்துவர அவன் மட்டும் வீட்டுக்கு வந்தான். அலமாரியில் பாட்டில் இருந்தது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். அடியில் ஒரு விரல் கனத்துக்குச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, அதற்கு மேலே வெளிறின பாகு. பார்த்தானா? சரியாகப் பார்க்கவில்லை, கண்ணில் தண்ணீர், ஜன்னல் அழுக்கு. பார்த்தான். பார்த்துவிட்டுத் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தான். பரிசோதனைக் கூடத்துப் பழக்கம், எந்தக் கண்ணாடிப் பாத்திரத்தையும் மூன்று முறை அலசவேண்டும், கை தானாகச் செய்தது, அதில் தப்பென்ன என்று எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துவிட்டான். முதல் அலசலில் அடி வெள்ளை அசையவே இல்லை. பழக்கத்துக்கு அலசுகிறவன் அதோடு விட்டிருப்பான். அவன் துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி உள்ளே விட்டுச் சுரண்டினான், தண்ணீர் பால் மாதிரி போயிற்று, இரண்டாவது, மூன்றாவது, சுத்தம். பிள்ளை ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணிக்கு அடியில் கிடந்தது, அப்பன் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு வாரம் கழித்துச் சுகுணா, அந்த பாட்டில் எங்கீங்க என்று கேட்டாள். தூக்கிப் போட்டுட்டேன், பாத்தா உனக்குத் தாங்காது என்றான். அவள் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நீங்க இல்லாட்டி நான் என்ன ஆயிருப்பேனோ என்றாள். அந்தக் கை இப்போது பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு வேகத்தின் எண்ணையும் எழுதினான், மூன்று குண்டு ஒரு வேகத்தில், ஒன்று இன்னொரு வேகத்தில், எல்லாம் அடியில் என்று. மோட்டாரை நிறுத்தினான். நாலு மணி பன்னிரண்டு நிமிஷம். போனை எடுத்தான்.

"சொல்லுங்க. வரிசைல நிக்கறேன். முன்னால ஒரு ஆறேழு பேரு இருப்பாங்க." பின்னால் மணிச் சத்தம், யாரோ குழந்தையை அதட்டுகிற சத்தம், அதற்கும் பின்னால் கல்லில் கல் உரசுகிற சத்தம்.

"சுகுணா, அரைக்காத. நான் சொல்றதக் கேட்டுட்டு அப்பறம் அரை."

"என்னுங்க, கொரலு ஒரு மாதிரி இருக்குது? சாப்பிட்டீங்களா?"

"மருந்து அடியில போயிருச்சு சுகுணா. வண்டியில ஆடி ஆடி எறங்கிருச்சு. மேல இருந்தது வெறும் பாகு. நாம புள்ளைக்குக் குடுத்தது வெறும் பாகு. குலுக்கியிருந்தாச் சரியாப் போயிருக்கும். நீ குலுக்குனே, நாந்தான் வேண்டாம்னேன். எட்டு மணி ஒம்போது மணிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. உம்மேல ஒண்ணுமே இல்ல."

இத்துடன் நிறுத்தினால் போதும் என்று தோன்றியது, சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, அவள் மேல் இருந்ததை எடுத்தாயிற்று.

"அது உங்களுக்கு இன்னைக்குத்தானுங்க தெரிஞ்சுது?" என்றாள். பாவம், அவனுக்கு ஒரு வழி விட்டுக் கேட்டாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் அழுதுகொண்டே ஏழு பேரைத் தாண்டி வெளியே வந்து, பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து அவன் தோளில் சாய்வாள்.

"இல்ல. அன்னைக்கே தெரியும். ஆதார் எடுக்க வந்தப்ப பாத்தேன். அடியில வெள்ளையா இருந்துச்சு. தூக்கிப் போடல. கழுவிட்டுத்தான் போட்டேன்."

"கழுவுனீங்களா?"

"ஆமா."

"எனக்குத் தாங்காதுன்னு சொன்னீங்களே."

"சொன்னேன்."

யாரோ, முன்னால போங்கம்மா என்றார்கள். அவள் நகர்ந்திருக்கவேண்டும், உரசல் சத்தம் கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது. "குலுக்க வேண்டாம்னீங்க" என்றாள், மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. "அது புள்ளைக்கு அளவு கொறையக் கூடாதுன்னு சொன்னது. தெரியாமச் சொன்னது. அதுக்கு நான் உங்கள ஒரு வார்த்த சொல்ல மாட்டேனுங்க, அவளுக்கு நீங்களும் அப்பன்தானே. ஆனா ஒம்போது மாசம். எம் மொகத்தப் பாத்துக்கிட்டே ஒம்போது மாசம் சோறு தின்னீங்களே. நேத்துக்கூட. நேத்து நான் மொளகாயை எண்ணி எண்ணிப் பையில போட்டேன், நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"ஆமா."

"எப்படீங்க முடிஞ்சுது?"

தெரிந்திருந்தால் அவனே தனக்குச் சொல்லிக்கொண்டிருப்பான். "எம் பேரச் சொல்லி அரை" என்றான்.

அவள் போனை வைக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டாள் போலிருக்கிறது, துணி உரசியது, வளையல் ஒலித்தது, அப்புறம் அம்மிக் குழவி. நிறுத்தி நிறுத்தி, அழுத்தி, மிளகாய் விதை நொறுங்குகிறவரை அரைத்தாள். வீட்டில் அவள் அரைக்கிறபோது அவன் கவனித்ததே இல்லை. பக்கத்தில் யாரோ இருமினார்கள், அவளும் இருமினாள், அவன் தொண்டையும் எரிந்தது. இங்கே மெயில் அனுப்ப வேண்டிய நேரம் வந்துகொண்டிருந்தது, ரெஜினா மேடம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து அவன் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் சுகுணா அவன் பெயரைச் சொல்லி அவன் கேட்டதில்லை. அவர்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டால் திரும்பி அவனைப் பார்ப்பாள், அவனே சொல்லிக்கொள்வான், அவன் கூட இல்லாவிட்டால் எழுதிக் காட்டுவாள். அரைக்கிற சத்தம் நின்றது. அவள் நீதிக்கல்லுக்குக் கிட்டே குனிந்திருக்கவேண்டும். இரைச்சல் எல்லாம் ஒதுங்கி, அவள் குரல் மட்டும் கேட்டது, அழுகை இல்லாத குரல்.

"சென்னியப்பன்" என்றாள். பிறகு, ஆள் மாறிப்போய்விடக் கூடாதே என்று, "கிணத்துக்கடவு சென்னியப்பன். தாரகையோட அப்பன்" என்று ஊரையும் உறவையும் சேர்த்துச் சொன்னாள்.